அடியில் தண்ணீர் நிற்கிறது, போர்டு மாற்றச் சொல்கிறார்கள்: என்ன செய்யலாம்?

மடிப்பாக்கத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். சுருக்கித் தருகிறேன்:

"எங்கள் டிஷ்வாஷர் வாங்கி நாலு வருஷம் ஆகிறது. மனைவிக்கு மணிக்கட்டு வலி, பாத்திரம் தேய்க்கக் கூடாது என்று டாக்டர் சொன்னதால் வாங்கினோம். அடுக்குவதும் எடுத்து வைப்பதும் என் வேலை. பத்து நாளாக மெஷின் பாதியில் நின்றுவிடுகிறது. கதவைத் திறந்தால் அடியில் கலங்கலாகத் தண்ணீர், நாற்றம் வேறு. நிற்பதற்கு முன்னால் கொர்ரென்று ஒரு சத்தம், அப்புறம் இ24 என்று திரையில் வருகிறது. தெரிந்தவர் மூலம் வந்த மெக்கானிக் கதவைத் திறந்து பார்த்துவிட்டு, போர்டு போய்விட்டது, 11,000 ரூபாய் ஆகும் என்றார். ஒரு வருஷமாகவே டம்ளரில் எல்லாம் வெள்ளையாகப் படிகிறது. உப்பு போடுவதில்லை. உப்பு விளக்கு ஒரு நாளும் எரிந்ததில்லை, சோப்பு மாத்திரையிலேயே எல்லாம் இருக்கிறது என்று மாட்ட வந்தவர் சொன்னார். அலுமினிய குக்கர் ஒன்று கருத்தே போய்விட்டது. போர்டு மாற்றவா, புதிது வாங்கவா, நானே ஏதாவது பார்க்க முடியுமா? மூன்றாவது மாடி, மேலே மொட்டை மாடி. போர் தண்ணீரும் லாரித் தண்ணீரும் ஒரே சம்பில் கலந்து வரும்."

வணக்கம் சார். அந்த 11,000 ரூபாயை இப்போதைக்குக் கொடுக்காதீர்கள். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் போர்டு, அதாவது மெஷினை இயக்கும் மின்னணுப் பலகை, போனதற்கான அடையாளம் ஒன்றுகூட இல்லை, போர்டு நன்றாக இருப்பதற்கான அடையாளம் இரண்டு இருக்கிறது. ஒன்று, இ24. போஷ், சீமென்ஸ் வகை மெஷின்களில் அதற்கு அர்த்தம், தண்ணீரை வெளியே தள்ளச் சொல்லியும் குறித்த நேரத்துக்குள் தண்ணீர் போகவில்லை என்பது. எல்ஜி மெஷினாக இருந்தால் இதே கோளாறுக்கு ஓஇ என்று காட்டும். எண் எதுவானாலும், தண்ணீர் போகவில்லை என்பதைக் கவனித்து மெஷினை நிறுத்தி உங்களுக்குச் சொன்னதே அந்த போர்டுதான். இரண்டாவது, அந்தக் கொர்ர் சத்தம். தண்ணீர் வெளியேற வேண்டிய நேரத்தில் அடியிலிருந்து அப்படி உறுமல் வந்தால் டிரெய்ன் பம்புக்குக் கரண்ட் போய்ச் சேருகிறது, பம்பு சுற்றப் பார்க்கிறது, முடியவில்லை என்று பொருள். போர்டு கரண்ட் கொடுக்காமல் இருந்தால் சத்தமே இருக்காது. கதவைத் திறந்து எட்டிப் பார்த்துவிட்டு யாரும் போர்டு போனதைக் கண்டுபிடிக்க முடியாது சார். மெஷினைக் கழற்றி போர்டைக் கண்ணால் பார்க்க வேண்டும், மீட்டர் வைக்க வேண்டும்.

எந்த டிஷ்வாஷர் மக்கர் செய்தாலும் நான் பார்ப்பது ஒரே வழியில்தான்: தண்ணீர் உள்ளே வருகிறதா, உள்ளே சுற்றுகிறதா, வெளியே போகிறதா. இந்த மூன்றும் சரியாக இருந்து பிறகும் மெஷின் ஓடவில்லை என்றால்தான் போர்டு, சென்சார் என்று கை வைக்க வேண்டும். உங்களுக்கு மூன்றாவதில் சிக்கல். அதில் பெரும்பகுதியை நீங்களே பார்த்துவிடலாம், ஸ்குரூ டிரைவர்கூட அநேகமாகத் தேவைப்படாது.

முதலில் சுவிட்சை அணைத்து பிளக்கை உருவி விடுங்கள். சுவிட்சை மட்டும் அணைப்பது போதாது, ஏனென்றால் பழைய வயரிங்கில் லைனும் நியூட்ரலும் மாறி இருக்கிற வீடுகள் நிறைய இருக்கின்றன. சிங்குக்குக் கீழே மெஷினுக்குப் போகும் தண்ணீர்க் குழாயின் வால்வையும் (ஆங்கிள் காக்) மூடிவிடுங்கள். கடைசியாக ஓடியது சூடான புரோகிராம் என்றால் தண்ணீர் ஆறும்வரை பொறுங்கள். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், இதை மட்டும் தயவுசெய்து விடாதீர்கள். உடைந்த கண்ணாடிச் சில்லு வந்து ஒதுங்குகிற இடம் நீங்கள் கை விடப்போகும் அந்தக் குழிதான். கீழ்த் தட்டை வெளியே எடுத்து வைத்துவிட்டு, தேங்கிய தண்ணீரை ஒரு டம்ளரால் மொண்டு பக்கெட்டில் ஊற்றுங்கள், மிச்சத்தைப் பழைய துணியால் ஒற்றி எடுங்கள்.

அடியில் நடுவில் உருளையாக ஒரு பில்டர் இருக்கும். இடது பக்கமாகத் திருகித் தூக்கினால் வந்துவிடும், அதற்குக் கீழே தட்டையான வலை ஒன்று. நம் வீட்டுச் சாப்பாட்டுக்கு இந்த பில்டர் படும் பாடு அதிகம். தாளித்த கடுகு, கறிவேப்பிலை, பூண்டுத் தோல், முருங்கைக்காய்ச் சக்கை, தேங்காய்த் துருவல், எலுமிச்சை விதை, இதெல்லாம் குழம்புப் பருப்போடு சேர்ந்து வலையில் அப்பிக்கொள்ளும். ஊறுகாய் பாட்டிலைக் கழுவப் போட்டால் அதன் லேபிள் சூட்டில் உரிந்து கூழாகி வலையை மூடிவிடும். இது பலருக்குத் தெரிவதில்லை. உங்கள் மெஷினில் வரும் நாற்றமும் பெரும்பாலும் இதிலிருந்துதான். பழைய பல் தேய்க்கும் பிரஷில் கொஞ்சம் பாத்திர சோப்பு தொட்டு, ஓடும் குழாயில் பிடித்து, வலையின் இரண்டு பக்கமும் தேயுங்கள். இரும்பு நார் வேண்டாம், வலை கிழிந்தால் பிறகு கடுகு நேராக பம்புக்குப் போகும். வாரம் ஒரு தடவை செய்ய வேண்டிய வேலை இது. இத்தனை நாள் செய்யவில்லை என்றால் அதற்காகச் சங்கடப்பட வேண்டாம், மெஷின் மாட்ட வருகிறவர்கள் இதைச் சொல்லிக் கொடுப்பதே இல்லை.

பில்டரை எடுத்த குழிக்குள் ஒரு பக்கமாகச் சின்ன பிளாஸ்டிக் மூடி தெரியும். அதுதான் டிரெய்ன் பம்பின் மூடி. ஸ்பூன் காம்பால் லேசாக நெம்பி, உள்பக்கமாக இழுத்துத் தூக்கினால் கழன்று வரும். (சில மாடல்களில் ஒரு திருகாணி இருக்கும்.) உள்ளே விரல் அளவில் ஒரு சின்னச் சக்கரம். உங்கள் கொர்ர் சத்தத்துக்குக் காரணம் தொண்ணூறு பங்கு இங்கேதான் மாட்டிக்கொண்டு இருக்கும் என்று நினைக்கிறேன். புளியங்கொட்டை, கண்ணாடிச் சில்லு, மசாலா பாக்கெட்டின் ஸ்டேப்ளர் பின், எலும்புத் துணுக்கு, பல் குத்தும் குச்சியின் முனை, எதுவாகவும் இருக்கலாம். எடுத்துவிட்டு விரலால் சக்கரத்தைச் சுற்றிப் பாருங்கள். அது மின்விசிறி மாதிரி வழுக்கிக்கொண்டு சுற்றாது, உள்ளே காந்தம் இருப்பதால் தடக் தடக்கென்று விட்டு விட்டுத்தான் சுற்றும். அதைப் பார்த்து பம்பு கெட்டுவிட்டது என்று பயந்துவிட வேண்டாம், அதன் இயல்பே அப்படித்தான். அசையவே மாட்டேன் என்றாலோ, சக்கரத்தின் இறக்கை உடைந்திருந்தாலோ, தண்டிலிருந்து கழன்று லொடலொடவென்று ஆடினாலோதான் பம்பு மாற்ற வேண்டும். மூடியைத் திரும்பப் போடும்போது டக்கென்று சத்தம் வரும்வரை அழுத்துங்கள். சரியாக உட்காராவிட்டால் இ24 போய் இ25 வரும். புதிதாக ஏதோ கெட்டுவிட்டது என்று நினைத்து அப்போதே பலர் எங்களுக்கு போன் செய்கிறார்கள்.

பம்பு சுத்தமாக இருந்தால் அடுத்தது ஹோஸ் பைப். இதற்கு ஒரு நல்ல சோதனை இருக்கிறது, இதைச் செய்யாமல் யாரையும் பம்பு மாற்ற விடாதீர்கள். சிங்குக்குக் கீழே, கழிவுக் குழாயில் மெஷினின் ஹோஸ் இணைந்திருக்கும் இடத்தைக் கழற்றி, அந்த நுனியைத் தரையில் வைத்த பக்கெட்டுக்குள் விட்டுப் பிடித்துக்கொள்ளுங்கள். பில்டரைத் திரும்ப மாட்டி, அடியில் ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றி, பிளக்கைச் செருகி, ரீசெட் செய்யுங்கள். ஸ்டார்ட் பட்டனையோ குறிப்பிட்ட இரண்டு பட்டன்களையோ மூன்று நான்கு விநாடி அழுத்திப் பிடிக்க வேண்டியிருக்கும், உங்கள் மாடலுக்கு எது என்று கையேட்டில் போட்டிருக்கும். ரீசெட் ஆனதும் மெஷின் தானாகத் தண்ணீரை வெளியேற்றப் பார்க்கும். பக்கெட்டில் தண்ணீர் வேகமாகக் கொட்டினால் மெஷினில் ஒரு குறையும் இல்லை, உங்கள் சிங்க் லைன்தான் அடைத்திருக்கிறது, கூப்பிட வேண்டியது பிளம்பரை. ஹோஸை மாட்டிய நிலையிலும் தண்ணீர் போகவில்லை, கழற்றிய நிலையிலும் சொட்டு சொட்டாகத்தான் வருகிறது என்றால் ஹோஸுக்குள் அடைப்பு, அல்லது பம்பு பலவீனம்.

மெஷினைப் பின்னால் தள்ளும்போது ஹோஸ் மடங்கி நசுங்குவதும் சகஜம், அதையும் டார்ச் அடித்துப் பாருங்கள். அப்புறம் ஹோஸ் எங்கே போய் முடிகிறது என்பதையும் கவனியுங்கள். சில பிளம்பர்கள் சுலபமாக இருக்கிறது என்று ஹோஸைத் தரையிலிருக்கும் கழிவுநீர் வாயில் (நஹானி டிராப்) நேராகச் செருகிவிட்டுப் போய்விடுகிறார்கள். அப்படிச் செய்தால் மெஷின் பிடிக்கும் தண்ணீர் தானாகவே உறிஞ்சிக்கொண்டு வெளியே ஓடிவிடும், சாக்கடை வாடையும் உள்ளே ஏறும். ஹோஸ் எங்கே முடிந்தாலும் வழியில் ஓர் இடத்தில் சிங்கின் அடிப்பாகம் அளவுக்கு உயர்ந்து வளைந்து இறங்க வேண்டும். நெய், எண்ணெய் அதிகம் புழங்கும் வீடு என்றால் மாதம் ஒரு தடவையாவது 65, 70 டிகிரி புரோகிராம் ஓட்டுங்கள். எப்போதும் குறைந்த சூட்டிலேயே ஓட்டினால் கொழுப்பு ஹோஸுக்குள் உறைந்துகொண்டே போகும்.

இத்தனைக்கும் பிறகு தண்ணீர் போகவில்லை என்றால் டெக்னீஷியன் தேவை. ஆனால் அவர் மாற்ற வேண்டியது முதலில் பம்பு. உங்கள் கண் முன்னால் பம்பின் இரண்டு முனையில் மீட்டர் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். ஓபன் என்று காட்டினால் பம்பின் காயில் எரிந்துவிட்டது, பேச்சே இல்லை, மாற்ற வேண்டியதுதான். பம்பின் விலை போர்டு விலையில் ஒரு சிறு பங்கு. பம்பு நன்றாக இருக்கிறது, வடிய வேண்டிய நேரத்தில் அதன் முனைக்குக் கரண்ட் வரவில்லை என்று அவர் காட்டினால் அப்போது போர்டைப் பேசலாம். அந்த நிலைமையிலும் முழு போர்டு மாற்றுவது ஒன்றுதான் வழி என்றில்லை. பம்பை இயக்கும் ஒரு சின்ன பாகமோ ரிலேயோ மட்டும் போயிருக்கும், அதை மட்டும் மாற்றித் தருகிறவர்கள் ரிச்சி தெருப் பக்கம் இருக்கிறார்கள்.

போர்டு போவதே இல்லை என்று நான் சொல்லவில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது உங்கள் பக்கமும் வேளச்சேரி, பள்ளிக்கரணை பக்கமும் தரைத்தள வீடுகளில் தண்ணீர் ஏறியதே, அப்படி நனைந்த மெஷின்களில் போர்டு உண்மையிலேயே போனது. கரப்பான் புகுந்து, பல்லி குறுக்கே விழுந்து ஷார்ட் ஆவதும் உண்டு. ஆனால் அப்படிப் போனால் விளக்கே எரியாது, இல்லை என்றால் போட்டதும் டிரிப் ஆகும், கழற்றிப் பார்த்தால் கருகிய அடையாளம் கண்ணுக்குத் தெரியும். உங்கள் மெஷின் பாதி தூரம் ஒழுங்காக ஓடி, காரணத்தைச் சொல்லிவிட்டு நிற்கிறது.

இனி வெள்ளைப் படலத்துக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் எனக்கு அதிகக் கவலை தந்தது இ24 இல்லை சார், இதுதான். இ24 ஒரு மணி நேர வேலை. இதை விட்டால் மெஷினின் ஆயுளே பாதியாகும்.

முதலில் ஒரு கண்ணாடி டம்ளரை எடுத்து எலுமிச்சைச் சாறோ வினிகரோ தொட்டுத் தேயுங்கள். படலம் கரைந்து கண்ணாடி பளிச்சென்று ஆனால் அது உப்புக்கறை, தண்ணீரில் இருக்கும் கால்சியமும் மெக்னீசியமும் சூட்டில் பிரிந்து படிந்தது. தேய்த்தும் போகவில்லை என்றால் கண்ணாடியே அரித்திருக்கிறது, அது இனி திரும்பாது. உங்களுக்கு முதலாவதாகத்தான் இருக்கும். டம்ளரில் படிகிற அதே கறை ஹீட்டர் இருக்கும் பகுதியிலும் உள் சுவரிலும், தண்ணீரைத் தெளிக்கும் கைகளின் ஓட்டைகளிலும் படிந்துகொண்டு இருக்கிறது. டம்ளரை நீங்கள் பார்க்கிறீர்கள், உள்ளே நடப்பது தெரிவதில்லை, அவ்வளவுதான்.

இதற்காகத்தான் மெஷினுக்குள் ஒரு சாஃப்ட்னர் வைத்திருக்கிறார்கள். அதில் இருக்கும் ரெசின் மணிகள் தண்ணீரிலிருந்து கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு சோடியத்தை விடும். மணிகள் நிறைந்துவிட்டால் உப்புத் தண்ணீரால் அலசினால்தான் மறுபடி வேலை செய்யும். நீங்கள் போட வேண்டிய உப்பு பாத்திரத்துக்கு இல்லை, அந்த மணிகளுக்கு. இத்தனை நாளாக உப்பு போடவில்லை என்றால் உங்கள் போர் தண்ணீர் அப்படியே உள்ளே போய்ப் பாத்திரத்தில் விழுந்துகொண்டு இருந்திருக்கிறது.

சரி, உப்பு இல்லாவிட்டால் விளக்கு எரிய வேண்டுமே, ஏன் எரியவில்லை? உங்கள் வகை மெஷின்களில் தண்ணீரின் கடினத்தன்மையை, அதாவது அதில் கால்சியமும் மெக்னீசியமும் எவ்வளவு என்பதை, எச்:00 முதல் எச்:07 வரை நாமே செட் செய்ய வேண்டும். எச்:00 என்று வைத்தால் சாஃப்ட்னர் வேலை செய்யாது, உப்பு விளக்கும் எரியாது. உங்கள் மெஷின் அப்படித்தான் இருக்கிறது என்று கிட்டத்தட்ட உறுதியாகச் சொல்லலாம். மாட்ட வந்தவர் மாத்திரையை நம்பி அதை அணைத்து வைத்திருப்பார். மாத்திரையிலேயே எல்லாம் இருக்கிறது என்று அவர் சொன்னதும் முழுப் பொய் இல்லை, உப்பின் வேலையையும் சேர்த்துச் செய்யும் மாத்திரைகள் உண்டு. ஆனால் அவை சுமார் 21 ஜெர்மன் டிகிரி கடினத்தன்மை வரைக்கும்தான் தாங்கும் என்று மெஷின் கையேட்டிலேயே போட்டிருப்பார்கள். ஒரு ஜெர்மன் டிகிரி என்பது லிட்டருக்கு சுமார் 18 மில்லிகிராம் (கால்சியம் கார்பனேட் கணக்கில்), அப்படியானால் 21 டிகிரி என்பது 375 மில்லிகிராம். குடிநீருக்கான இந்திய தர நிர்ணயம் விரும்பத்தக்க அளவாக 200 மில்லிகிராமையும், வேறு வழி இல்லாதபோது 600 மில்லிகிராம் வரையும் ஒப்புக்கொள்கிறது. உங்கள் பக்கத்து போர் தண்ணீர் அந்த 375-ஐத் தாண்டவும் கூடும், அதில் அந்த மாத்திரையை மட்டும் நம்பி ஓட்ட முடியாது.

உங்கள் தண்ணீரின் அளவைத் தெரிந்துகொள்ள டிடிஎஸ் பேனாவை நம்பாதீர்கள். தண்ணீரில் கரைந்த எல்லாவற்றையும் சேர்த்துத்தான் அது சொல்லும். கடலோரமாக உப்பேறிய கிணற்றில் டிடிஎஸ் ஆயிரத்தைத் தாண்டும், அதில் பெரும்பகுதி சோடியமாக இருக்கலாம், அது கறை படிய வைக்காது. நமக்கு வேண்டியது கடினத்தன்மை மட்டும். அதற்குக் காகிதப் பட்டைகள் இணையத்தில் கிடைக்கின்றன. இல்லை என்றால் கொளத்தூர் போன்ற இடங்களில் வண்ணமீன் கடைகளில் ஜிஹெச் டெஸ்ட் கிட் என்று கேளுங்கள். சோதனைக் குழாயில் தண்ணீர் எடுத்து, நிறம் மாறும்வரை எத்தனை சொட்டு விட்டோம் என்று எண்ண வேண்டும். பெரும்பாலான கிட்டில் ஒரு சொட்டுக்கு ஒரு ஜெர்மன் டிகிரி. கையேட்டில் டிகிரிக்கு எதிரே எச்:04, எச்:05 என்று அட்டவணை இருக்கும், அதைப் பார்த்து செட் செய்யுங்கள்.

சென்னையில் இதில் ஒரு கூடுதல் கஷ்டம். நாளைக்கு நாள் தண்ணீர் மாறுகிறது. இன்றைக்கு வந்த லாரி எந்தக் கிணற்றில் நிரப்பியது என்று யாருக்கும் தெரியாது, கோடையில் போர் தண்ணீர் இன்னும் கடினமாகும், ஐப்பசி மழைக்குப் பிறகு கொஞ்சம் இளகும். குடியிருப்பின் சம்பில் மெட்ரோ வாட்டரும் கலந்தால் அளவு சட்டென்று இறங்கும், அதிலும் நெம்மேலியில் 2024 பிப்ரவரியில் தொடங்கிய நாளொன்றுக்கு 15 கோடி லிட்டர் ஆலையின் கடல்நீரைக் குடிநீராக்கிய தண்ணீர் என்றால் இன்னும் நல்லது. ஆகவே வருஷத்தில் மே மாதம் ஒரு தடவை, மழை முடிந்து ஒரு தடவை சோதித்துப் பாருங்கள், சந்தேகமாக இருந்தால் கடினமான அளவுக்கே செட் செய்துவிடுங்கள். உப்பு கொஞ்சம் கூடுதலாகச் செலவாகும், பரவாயில்லை. 50 டிகிரிக்கு மேல், அதாவது லிட்டருக்கு 890 மில்லிகிராமைத் தாண்டிப் போனால் எச்:07 வைத்தும் மெஷினால் சமாளிக்க முடியாது. அப்போது குடியிருப்புக்கே பொதுவாக ஒரு சாஃப்ட்னர் போடுவது பற்றி சங்கத்தில் பேச வேண்டியதுதான். உங்கள் வாஷிங் மெஷினும் கீசரும்கூட அதனால் பிழைக்கும்.

உப்பு என்றதும் வீட்டில் இருக்கும் கல்லுப்பைப் போட்டால் என்ன என்று கேட்பீர்கள், எல்லோரும் கேட்கிறார்கள். போடாதீர்கள். உப்பளத்துக் கல்லுப்பில் கால்சியமும் மெக்னீசியமும் மண்ணும் சேர்ந்தே இருக்கும், எதை எடுக்க வேண்டுமோ அதையே ரெசினுக்குக் கொடுத்த மாதிரி ஆகிவிடும். தூள் உப்பிலும் கட்டியாகாமல் இருக்கச் சேர்க்கும் பொருள் இருக்கிறது, தூளும் இறுகி அடைத்துக்கொள்ளும். டிஷ்வாஷர் உப்பு என்றே விற்பதை வாங்குங்கள். இத்தனை நாளாகப் போடாததால் தொட்டியில் முதலில் தண்ணீர் நிரம்ப இருக்கிறதா பாருங்கள், பிறகு உப்பைப் போடுங்கள், வழியும் தண்ணீரைத் துடையுங்கள், உடனே ஒரு புரோகிராமை ஓட்டிவிடுங்கள். உப்புத் தண்ணீர் ராத்திரி முழுக்க அடியில் நின்றால் எந்த ஸ்டீலும் புள்ளி புள்ளியாக அரிக்கும். டிஷ்வாஷர் சோப்புப் பொடியைத் தவறிக்கூட உப்புத் தொட்டியில் போட்டுவிடாதீர்கள், சாஃப்ட்னர் ஒரே நாளில் பாழாகும்.

இதுவரை படிந்த கறையை எடுக்க, பாத்திரம் எதுவும் வைக்காமல், சோப்பும் போடாமல், நூறு கிராம் சிட்ரிக் ஆசிடை, அதாவது கடையில் எலுமிச்சை உப்பு என்று தருவதை, மெஷினின் அடித்தளத்தில் தூவி 50 அல்லது 60 டிகிரி புரோகிராம் ஒன்று ஓட்டுங்கள். பிளீச்சிங் எதையும் சேர்த்துவிட வேண்டாம். இதற்கு முன்னால் தெளிக்கும் கைகள் இரண்டையும் கழற்றி, ஓட்டைகளைக் குச்சியால் குத்தி, குலுக்கிப் பாருங்கள், உள்ளே கடுகோ விதையோ உருளும். கீழ்க் கை பெரும்பாலும் மேலே இழுத்தாலே வந்துவிடும். தண்ணீர் உள்ளே சுற்றுகிறதா என்று முதலில் சொன்னேனே, அதற்கான பாதி வேலை இதிலேயே முடிந்துவிடும்.

ஆங்கிள் காக் மூடியிருக்கும்போதே இன்னொரு வேலையையும் பார்த்துவிடுங்கள். உள்ளே வரும் ஹோஸ் குழாயில் சேருகிற இடத்தைத் திருகிக் கழற்றினால் சின்ன வலை இருக்கும், லாரித் தண்ணீரின் மணல் முழுக்க அங்கே நிற்கும். கழுவி மாட்டுங்கள். ஹோஸ் நுனியில் பெரிய பிளாஸ்டிக் டப்பா மாதிரி இருந்தால் அதற்குள் மின்சார வால்வு இருக்கிறது, தண்ணீரில் முக்கவோ வெட்டவோ கூடாது. நீங்கள் மேல் மாடியில் இருப்பதால் தண்ணீரின் அழுத்தமும் குறைவாக இருக்கலாம். பத்து மீட்டர் உயரத்துக்கு ஒரு பார் அழுத்தம், பல மெஷின்கள் குறைந்தது அரை பார் கேட்கும், உங்கள் தலைக்கு மேல் தொட்டி மூன்று நான்கு மீட்டரில்தான் இருக்கும். அந்தக் குழாயில் ஒரு பத்து லிட்டர் பக்கெட் ஒரு நிமிஷத்தில் நிரம்புகிறதா பாருங்கள். நிரம்பினால் கவலை இல்லை. இல்லை என்றால் என்றாவது ஒரு நாள் இ18 வரும், அதற்கு ஒரு சின்ன பிரஷர் பம்பு போதும், மெஷினைக் குறை சொல்ல வேண்டாம்.

இத்தனை வேலையில் தண்ணீர் சிந்தி அடித்தட்டில் இறங்கினால் இ15 வரக்கூடும். மெஷினைச் சாய்த்துத் தண்ணீரைக் கொட்டினால் சரியாகிவிடும் என்று வீடியோக்களில் காட்டுகிறார்கள். நீங்களே சிந்தியது என்று நிச்சயமாகத் தெரிந்தால் பிளக்கை உருவிவிட்டு இரண்டு பேராகச் சாய்க்கலாம். மறுபடி வந்தால் உள்ளே எங்கோ ஒழுகுகிறது, குழாயை மூடிவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள். சாய்த்துச் சாய்த்து ஓட்டினால் ஒரு நாள் கீழ் வீட்டுக் கூரையில் இறங்கும்.

குக்கர் கருத்ததற்கு மெஷின் காரணம் இல்லை. டிஷ்வாஷர் சோப்பு காரத்தன்மை உள்ளது, அலுமினியம் அதில் கருக்கத்தான் செய்யும். குக்கர், அலுமினிய இட்லித் தட்டு, இரும்பு தோசைக்கல், பித்தளை, ஈயச் சொம்பு, மரக் கரண்டி, கல்சட்டி, இவற்றை வெளியிலேயே கழுவுங்கள். ஸ்டீல், கண்ணாடி, பீங்கான் எல்லாம் தாராளமாக உள்ளே போகலாம். ஒட்டிய சோற்றை வழித்துப் போட்டால் போதும், குழாயில் கழுவிவிட்டு அடுக்க வேண்டியதில்லை.

புதிது வாங்குவதா என்று கேட்டீர்கள். வேண்டாம் சார். நாலு வருஷ மெஷின் ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் இன்னும் அத்தனை வருஷம் ஓடும். தண்ணீரைக் கவனிக்காமல் புதிதை வாங்கினால் அதன் டம்ளரிலும் இதே வெள்ளைதான் படியும். பம்பே மாற்ற வேண்டி வந்தாலும் மாற்றுங்கள். உண்மையிலேயே போர்டுதான் என்று ஒருவர் மீட்டர் வைத்துக் காட்டி, பாகம் மாற்றியும் சரியாகாமல், புது மெஷின் விலையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கேட்டால் அப்போது யோசிக்கலாம். எதை மாற்றினாலும் பழைய பாகத்தைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள், ரசீதில் பாகத்தின் பெயரையும் எத்தனை மாத வாரண்டி என்பதையும் எழுதச் சொல்லுங்கள்.

மனைவியின் கை வலிக்காகத்தான் இதை வாங்கினீர்கள் என்பதால் இன்னொன்றும் சொல்கிறேன். பம்புக்குப் பாகம் வர ஒரு வாரம் ஆகும் என்றால் அதுவரை அவர் உட்கார்ந்து எல்லாவற்றையும் தேய்க்க வேண்டாம். பில்டர், பம்பு மூடி, பக்கெட் சோதனை மூன்றையும் இந்த ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே செய்துவிடுங்கள். தண்ணீர் போக ஆரம்பித்துவிட்டால் அன்று மத்தியானப் பாத்திரத்தையே போட்டு ஓட்டலாம். சிட்ரிக் ஆசிட் ஓட்டமும் உப்பும் மறுநாள் போதும். சாஃப்ட்னரை ஆன் செய்த பிறகும் முதல் சில ஓட்டங்களில் டம்ளரில் லேசாகப் படலம் இருக்கும். ரெசின் மணிகள் இத்தனை நாள் கழித்து அப்போதுதான் உப்பைப் பார்க்கின்றன, உடனே எச் எண்ணை மாற்றாமல் ஒரு வாரம் விட்டுப் பாருங்கள். அதற்கும் பிறகு படிந்தால் சொட்டு சோதனையில் எத்தனை டிகிரி வந்தது, எச் எண் எத்தனையில் வைத்தீர்கள், அந்த வாரம் லாரி எத்தனை முறை வந்தது, இந்த மூன்றையும் எழுதி அனுப்புங்கள். மேற்கொண்டு என்ன செய்வது என்று பார்த்துச் சொல்கிறேன்.